களரிக்கு ஒரு நிலம்

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விழுப்புரத்தில் விடுதி அறை கிடைப்பது அரிது. பல மாநிலங்களிலிருந்தும் திருநங்கையர் வந்து இறங்கியிருப்பார்கள். கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்கு வாழ்க்கைப்பட்டு, மறுநாள் தாலியறுத்து வெள்ளைப் புடவை உடுத்துவதற்கு முன், நகரில் பாட்டும் நடனமும் மிஸ் கூவாகம் போட்டியும் நடக்கும். சில ஆண்டுகளில் அவை நகராட்சித் திடலிலேயே நடந்திருக்கின்றன. மற்ற நாட்களில் பேருந்தில் திருநங்கை ஒருவர் அருகில் வந்து உட்கார்ந்தால் முகம் திருப்பிக்கொள்ளும் ஊர், அன்றைக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்று பார்க்கிறது, கைதட்டுகிறது.

நடுநகரில் ஒரு வெற்றுநிலமும் கொஞ்சம் வெளிச்சமும் இருந்தால் கூடி நின்று கலை பார்க்க இந்த ஊரில் ஆள் உண்டு. அந்தச் சில நாட்கள் அதைக் காட்டிவிடுகின்றன. பிறகு பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊர்களின் மையத்திலும் ஒவ்வொரு பூங்கா வேண்டும், அதற்குள் கூத்து ஆட ஒரு களரி வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. கேட்பது பெரிதல்ல. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 96,000. திண்டிவனத்தில் 72,000க்கு மேல். நகரவாசி ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள். அந்தக் கணக்கில் விழுப்புரத்துக்கு மட்டும் குறைந்தபட்சம் ஏறத்தாழ 240 ஏக்கர் ஆகிறது. நான் கேட்பது ஊருக்கு இரண்டு ஏக்கர். ஆனால் அது ஊரின் நடுவில் இருக்க வேண்டும். புறவழிச்சாலைக்கு அப்பால் கிடைக்கும் மலிவான நிலமாக இருக்கக் கூடாது.

கலைஞர்களுக்கு வழி சொன்ன வட்டாரம் இது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெற்று வரும் பாணன் எதிரே வரும் வறிய பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துகிறான். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று வழியும், வழியில் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்ற விவரமும் அதில் உண்டு. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பார்கள். கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கல். அந்தப் பாட்டில் எனக்கு மறக்காத செய்தி அரசனுடைய கொடை பற்றியதல்ல, அவனுடைய வாயிலைப் பற்றியது. பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அது அடைக்கப்படாத வாயில் என்கிறார் புலவர். வந்தவன் யாரென்று விசாரித்துத் திறக்கும் கதவு அங்கே இல்லை.

நம் நகராட்சிப் பூங்காக்களில் முதலில் கண்ணில் படுவது கதவுதான். இரும்புக் கதவு, அதில் பூட்டு, பக்கத்தில் காலையில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, மாலையில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று பலகை. வேலைக்குப் போகிறவன் திரும்பி வரும் நேரத்தில் காவலாளி விசில் ஊதுகிறார். உள்ளே சிமெண்ட் யானையும் சிமெண்ட் மானும் நிற்கும். நீரூற்று என்று ஒரு தொட்டி, அதில் தண்ணீர் இருக்காது. புல்தரைக்குக் கம்பிவேலி. நடைபயிற்சிக்காரர்கள் சுற்றிச் சுற்றி நடக்க ஒரு பாதை. சும்மா உட்கார வருகிறவர் மேல் சந்தேகப் பார்வை விழுகிறது. திறப்பு விழாக் கல்வெட்டுக்கு மட்டும் நல்ல இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஊருக்கு ஊர் இதே வரைபடத்தைப் பார்க்கையில், இதை வரைந்தவர்கள் அந்தந்த ஊரில் ஒரு மாலை நேரத்தையாவது கழித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

விழுப்புரத்தைச் சுற்றிய கிராமங்களில் ஒரு நிகழ்த்துவெளியை அமைக்கும் அறிவு பழையது. அதைப் பொறியாளர் எவரும் வரைந்து தரவில்லை. தை, மாசியில் அறுவடை முடிந்து ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்து ஆடும் தரைக்குக் களரி என்று பெயர். அதற்கு மேடை கிடையாது. கூட்டிச் சமன்செய்த மண்தரை, பின்னால் மேளக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் அமர ஒரு பெஞ்சு, சற்றுத் தள்ளி ஒப்பனைக் கொட்டகை. மற்ற மூன்று பக்கமும் சனம். கூத்துக் குழுவான ஜமா வந்து இறங்கியதும் களரி கட்டுவார்கள். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து எழும்பும் அந்த ஓசை அடுத்த ஊருக்கும் சேதி சொல்லிவிடும். இருவர் திரை பிடிக்க, அதற்குப் பின்னிருந்து வேடம் பாடிக்கொண்டே வரும். கட்டியங்காரன் கூட்டத்துக்குள் புகுந்து யாரையாவது வம்புக்கு இழுப்பான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராகத் துரியோதனனின் சலங்கை இருக்கும்.

அர்ச்சுனன் தபசு அன்று தபசு மரத்தில் வேடதாரி ஏறுகிறார். பார்ப்பவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்க வேண்டும். படுகளத்தன்று காலையில் மண்ணால் செய்த பெருத்த துரியோதனன் உருவம் தரையில் கிடக்க, கூட்டம் அதைச் சுற்றி நடக்கிறது. உயரம், தரை, நடை, இருட்டு, விடியல் எல்லாமே இந்த அமைப்புக்குள் வந்துவிடுகின்றன. இதை நான்கடி உயரக் கான்கிரீட் மேடையில் தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை அரசு விழாக்களில் பார்க்கிறோம். வேடக்காரர்கள் முன்பக்கம் பார்த்து வரிசையாக நிற்கிறார்கள். கட்டியங்காரனுக்கு இறங்கிப் போக இடமில்லை. முன்னால் நாற்காலியில் அதிகாரிகள் அமர்ந்திருக்க, சனம் தடுப்புக்கு அப்பால் நிற்கிறது. மேடை உயர்ந்ததும் பார்வையாளரும் மேல் கீழ் என்று பிரிந்துபோகிறார்கள்.

கூத்தின் அருமையை நவீன வாசகருக்குச் சொன்னதில் சிறுபத்திரிகைகளின் பங்கு பெரிது. ந. முத்துசாமி எழுதிய கட்டுரைகளும், 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவும், கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானோடு அவருக்கு இருந்த உறவும் சென்னையில் ஒரு தலைமுறையையே கூத்தின் பக்கம் திருப்பின. 2007இல் சென்னை சங்கமம் விழா தலைநகரின் பூங்காக்களிலும் தெருமுனைகளிலும் கிராமியக் கலைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒலிபெருக்கி இல்லாமல் சிறுவர்கள் கச்சேரி செய்யும் பழக்கம் பல ஆண்டுகள் நிலைத்தது. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு சிறு மண்டபமும் உட்காரக் கொஞ்சம் தரையும்தான். கூத்து பிறந்து வளர்ந்த வட்டாரத்தின் நகரங்கள் மட்டும் கூத்துக்கென்று ஒரு துண்டு நிலத்தைக் கொடுக்கவில்லை.

இங்கே தயங்காமல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராமத்துக் களரி எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை. அது கோயில் நிலம்; கோயில் யாருடையது என்ற கேள்வி அந்த மண்ணிலேயே கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை எதிர்த்து எழுந்த மோதலால், 2023 ஜூன் 7 அன்று வருவாய்த் துறை கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவால்தான் பூசைக்காகத் திறந்தார்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 76 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மாவட்டத்திலேயே, பாரதக் கூத்தின் அம்மனுடைய கோயிலிலேயே இப்படிக் கதவு பூட்டப்பட்டது.

எனக்குப் பூங்கா முக்கியமாவது இந்த இடத்தில்தான். பசுமையும் நல்ல காற்றும் வேண்டியவைதான். ஆனால் நகராட்சி நிலத்துக்கு இன்னொரு குணம் உண்டு: அது எந்தத் தெருவாருடையதும் அல்ல, எந்தக் கோயில் கமிட்டிக்கும் கட்டுப்பட்டதல்ல. அங்கே களரி கட்டினால் பறையும் வரலாம், பாரதமும் வரலாம். இருளர் பிள்ளைகள் பாடலாம், திருநங்கையர் ஆடலாம், கல்லூரி மாணவர்கள் நாடகம் போடலாம். யாருக்கு முன்வரிசை என்ற பேச்சே எழாது. இந்த வட்டாரத்தின் கலை, ‘இது யார் இடம்’ என்று கேட்காமல் உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒரு தரையை இனிமேல்தான் பெற வேண்டியிருக்கிறது. கோயில் கூத்து கோயிலில் நடக்கட்டும். அதன் சடங்கும் தீமிதியும் அந்த மண்ணுக்குரியவை. அதே ஜமா மறுவாரம் நகரத்துக்கு வந்து எல்லாருக்குமாக ஆடுவதற்கும் ஓர் இடம் வேண்டும்.

பூங்கா கிடைத்தால் போதாது, அது தங்கவும் வேண்டும். ஆளுநர் டிரெவெல்யன் 1859இல் சென்னையில் தொடங்கிய மக்கள் பூங்காவுக்கு 116 ஏக்கர் பரப்பு இருந்தது. உள்ளே குளங்கள், விலங்குக் காட்சி, பாண்டு வாசிக்க மேடை. பிறகு அந்த நிலத்தில் விக்டோரியா பொது அரங்கம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் கட்டடம் எழுந்தது, விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரணத்தோடுதான் வந்தது. கடைசியில் பார்க் டவுன் என்ற பெயரும் பார்க் ரயில் நிலையமும் மிஞ்சின. விக்டோரியா அரங்கில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. தமிழ் மேடைக்கு அது பெரிய வரவு. ஆனால் மரத்தடியில் பாண்டு கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த அரங்கில் டிக்கெட் வாங்கி அமர முடிந்திருக்கும்? நம் ஊர்களிலும் இதே ஆபத்து உண்டு. பூங்காவின் ஒரு மூலையில் குடிநீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் சேவை மையம், அப்புறம் வணிக வளாகம் என்று வரும். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒவ்வொரு நகர்மன்ற உறுப்பினரின் கையிலும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவுகள் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதித்தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அப்படி வந்த நிலங்கள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று ஊர்க்காரர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

சரி, அந்த இரண்டு ஏக்கரில் என்ன செய்வது? முதலில் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது, இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரமும் திண்டிவனமும் மிதந்தன. நடுநகரில் இனி எந்த நிலத்தைத் தொட்டாலும் அது மழையை வாங்கிக்கொள்ளும் நிலமாக இருக்க வேண்டும். கூத்துக்கும் மழைக்கும் இங்கே இயல்பாகவே ஒரு பொருத்தம் இருக்கிறது: மழை ஐப்பசி முதல் மார்கழி வரை, கூத்துப் பருவம் அதற்குப் பிறகு. ஆகவே நடுவில் இரண்டு மூன்று படி தாழ்ந்த ஒரு வட்டத் தரையை அமைக்கலாம். கார்த்திகையில் அது தண்ணீர் வாங்கும், அடியிலுள்ள மணலும் கசிவுக் கிணறுகளும் ஓரிரு நாளில் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாசியில் அதே தரை களரி. சுற்றியுள்ள படிகள் பார்வையாளருக்கு. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 2013இல் திறந்த பென்தெம்பிளைன் சதுக்கம் இப்படித்தான் வேலை செய்கிறது. வறண்ட நாளில் விளையாடும் தளம் மழையில் குளமாகிறது. நமக்கு அது புதிதும் இல்லை. கோடையில் ஏரி காய்ந்தால் உள்வாயில் பந்து விளையாடுகிறவர்கள்தானே நாம்.

அடுத்தது மரம். நிழல் இல்லாத பூங்காவுக்கு விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் யாரும் வரமாட்டார்கள். மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இருக்கிறது. இந்தக் கடற்கரைச் சமவெளியின் இயற்கையான காடு எப்படி இருந்திருக்கும் என்பதை இன்றும் காட்டி நிற்கும் இடம் அது: வீரை, காசான், வெப்பாலை, கருங்காலி. இலை அடர்ந்தவை, வறட்சி தாங்குபவை, பெரும்பாலும் ஆண்டு முழுவதும் பச்சையானவை. ஆரோவில்லைச் சுற்றிக் காடு வளர்த்தவர்கள் இந்த இனங்களை வைத்தே செம்மண் மேட்டைத் திரும்ப மூடிக்காட்டினார்கள். நகரப் பூங்காவின் ஓரங்களில் இவை அடர்ந்து வளர்ந்தால் சாலையின் ஹாரன் சத்தம் குறையும், உள்ளிருந்து எழும் மேளமும் வெளியே அதிகம் போகாது. களரியைச் சுற்றிப் புங்கனும் வேம்பும் பூவரசும் போதும். மாற்றி வைக்க வேண்டாத, தானே ஊரோடு வயதாகும் மரங்கள்.

கட்டுமானம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் திசையில் மண்டகப்பட்டுக் குடைவரை இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் இதை அமைத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமையோடு சொல்கிறான். மத்தவிலாசம் என்ற நாடகத்தை எழுதியவனும் அவன்தான். நம் பூங்காவில் கட்ட வேண்டியவை சில உண்டு, அவற்றைச் செலவு பாராமல் கட்ட வேண்டும். கழிப்பறை முதலாவது. பெண்களுக்குச் சுத்தமானதாக, தண்ணீருள்ளதாக, இரவிலும் திறந்திருப்பதாக. திருநங்கையர் கூச்சமின்றிப் போகக்கூடியதாக. கூத்து விடியும் வரை நடந்த கிராமத்தில்கூடப் பெண்கள் பாதியில் எழுந்து போனதற்குக் கதை அலுத்தது மட்டும் காரணமாக இருந்திருக்காது. இரண்டாவது, களரியின் பின்புறம் ஓர் ஒப்பனை அறை: முகம் எழுதக் கண்ணாடி, நல்ல வெளிச்சம், கிரீடமும் புஜகீர்த்தியும் மாட்டி வைக்க ஆணி, முகம் கழுவக் குழாய். தலைமுறை தலைமுறையாக ஜமாக்காரர்கள் தார்ப்பாயின் மறைவில் அரிதாரம் பூசியது போதும். மூன்றாவது குடிநீர். புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் இருக்கும் ஆயி மண்டபமே நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக எழுந்தது. அந்தப் பூங்காவைச் சுற்றி ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், அருங்காட்சியகம் என்று அதிகாரம் சூழ்ந்திருந்தாலும், நடுவில் மதியத்தில் படுத்துத் தூங்குகிறவரை யாரும் எழுப்புவதில்லை.

தூங்குகிறவரைப் பற்றியும் பேச வேண்டும். பூங்கா என்பது நிகழ்ச்சிக்கு மட்டுமானதல்ல. ஆண்டின் பெரும்பாலான நாட்கள் அங்கே எதுவும் நடக்காது, நடக்கவும் தேவையில்லை. நியூயார்க் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் 1980இல் வெளியிட்ட நூலில் கண்டுசொன்னது எளிமையானது: உட்கார இடமிருக்கும் இடத்தில் மனிதர்கள் உட்காருகிறார்கள். திண்டிவனத்துக்கு இது இன்னும் பொருந்தும். சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, செஞ்சி, மரக்காணம் என்று சாலைகள் பிரியும் ஊர் அது. எத்தனையோ காலமாக மேம்பாலத்தின் அடியிலும் ஓரத்திலும் நின்றுகொண்டே பேருந்துக்குக் காத்திருந்த ஊர். நெல் மூட்டை ஏற்றிவிட்டு வருகிறவர், பிரசவத்துக்கு மகளைச் சேர்த்துவிட்டு வெளியே இருக்கும் தாய், புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் மீளும் பெண்கள். இவர்களுக்கு ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார நிழல் வேண்டும். படுத்துக்கொள்ள விடாமல் நடுவில் கம்பி வைத்த பெஞ்சுகளை அங்கே போடக் கூடாது. அகலமான திண்ணைகள் வேண்டும்.

சட்டம் சில தடைகளை வைத்திருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கும் மேளத்துக்கும் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். கூத்தோ பத்து மணிக்குத்தான் சூடுபிடிக்கும். நகரத்துக் களரியில் மாலை ஆறு மணிக்கே தொடங்கிப் பத்துக்குள் முடிக்கும் வடிவத்தை ஜமாக்கள் உருவாக்க வேண்டியிருக்கும். இது இழப்புத்தான், மறுக்கவில்லை. விடியலின் சோர்வோடு பார்க்கும் கர்ண மோட்சமும் மாலை டீக்குப் பிறகு பார்க்கும் கர்ண மோட்சமும் ஒன்றல்ல. அந்தப் பதினைந்து நாட்களில் சிலவற்றையாவது கூத்துக்கென்று கேட்டுப் பெறலாம். ஒலிபெருக்கியை முற்றிலும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஐந்நூறு பேர் அமரும் வட்டத்துக்கு முகவீணையே போதும்.

அனுமதி என்ற பெயரில் வரும் தடை இன்னொன்று. 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி போலீசிடம் பிரதியைக் காட்டி அனுமதி பெற வேண்டியிருந்தது. நாடகக்காரர் பரீக்‌ஷா ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்றது. இருந்தாலும் திறந்தவெளியில் பத்துப் பேர் வட்டமாக நின்றால் கேள்வி வருவது நிற்கவில்லை. கொல்கத்தா கர்சன் பூங்காவில் சனிக்கிழமை தோறும் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் டிக்கெட் இல்லாமல் நாடகம் போட்டார். 1974 ஜூலையில் அதே பூங்காவில் போலீஸ் தடியடியில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் சர்க்கார் நடத்திய நாடகப் பட்டறையிலிருந்துதான் தமிழில் பலர் வீதிக்கு வந்தார்கள். அந்த வரலாற்றை அறிந்த நாம், பூங்கா விதிகளை எழுதும்போது ஒரு வரியைக் கேட்டு வாங்க வேண்டும்: களரியில் ஆடவும் பாடவும் பேசவும் முன்பதிவு மட்டும் போதும், முன்னனுமதி வேண்டாம்.

பணம் எங்கிருந்து வரும் என்பார்கள். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் பூங்காவுக்கு இடமுண்டு; கட்டுவதற்கான பணம் எப்போதும் எப்படியாவது வந்துவிடும். வராமல் போவது அதற்கடுத்த ஆண்டுகளின் பணம். களரியைக் கூட்டி மண் நிரவும் தூய்மைப் பணியாளருக்கு நிரந்தரச் சம்பளம், செடிக்குத் தண்ணீர் விடும் ஆள், எரியாத விளக்கை மறுநாளே மாற்றும் மின்பணியாளர். இவற்றோடு நகராட்சியின் ஆண்டு வரவுசெலவில் ஜமாக்களுக்கான சம்பளம் என்று ஒரு தலைப்பு வேண்டும். மாதத்துக்கு இரண்டு இரவு, இரண்டு ஜமா. பதினைந்து பேருக்குக் கூலி, போய்வர வண்டிச் சத்தம், ஆடி முடித்ததும் சூடான சோறு. அந்தத் தொகையைக் கலைஞர்கள் அலுவலகத்துக்கு அலைந்து வாங்கக் கூடாது. ஆட்டம் முடிந்த இரவே களரியிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும்.